மடையானும் தங்கூசி நரம்பும்

ஊருக்கு வெளியே ஒரு குளம். குளக்கரையில் ஒரு கருவேல மரம். அந்த மரத்தின் உச்சியில் கொண்டையன், செவந்தி என்று இரண்டு மடையான் கொக்குகள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தின. மடையான் என்பது அந்தக் கொக்கின் சாதிப்பெயர். நான் யாரையும் ஏசவில்லை. ஏச வேண்டிய இடம் வந்தால் தயங்காமல் ஏசுவேன்!

கூட்டில் நான்கு முட்டைகள். வெளிறிய நீல நிறம். செவந்தி அவற்றை அலகால் புரட்டிவிடுகிற பக்குவத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகிப்போகும். கொண்டையனும் ஆசைப் புருஷன்தான். கொஞ்சம் வீம்பு உண்டு, அவ்வளவுதான்.

ஒருநாள் விடிகாலையில் அவன் மீனுக்கு இறங்கினான். மதகுக் கல்லின் ஓரம் ஏதோ அசைந்தது. "மாட்டினியா!" என்று ஓங்கிக் குத்தினான். அசைந்தது மீன் இல்லை, கல்லில் படர்ந்த பாசி. டக்! அலகின் நுனி ஒடிந்து தண்ணீரில் விழுந்தது.

கொக்கின் அலகும் நம் நகம் மாதிரிதான். ஒடிந்தால் மெல்ல வளர்ந்துவிடும். ஆனால் அதுவரை வயிறு பொறுத்திருக்குமா?

"நான் முட்டை மேல உக்காருறேன். நீ போய் மீன் தின்னுட்டு வா புள்ள!" என்றான் கொண்டையன்.

செவந்தி அந்தப் பக்கம் போனதும், கருப்பட்டி இந்தப் பக்கம் வந்தது. கருப்பட்டி ஒரு காகம். முட்டை என்றால் அதற்கு உயிர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நகருங்க. முட்டை சூடா இருக்கான்னு பாத்துட்டுப் போயிடுறேன்!"

கொண்டையன் கோபத்தோடு ஒரு குத்துக் குத்தினான். ஒடிந்த அலகு என்ன செய்யும்? கருப்பட்டிக்கு முதுகு சொறிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆகா! இன்னும் கொஞ்சம் கீழ, அண்ணாச்சி!"

நல்லவேளை, செவந்தி பாதி வழியிலேயே திரும்பிப் பார்த்தாள். பறந்து வந்து போட்டாள் ஒரு போடு! கருப்பட்டி தலைதெறிக்க ஓடி அடுத்த கிளையில் உட்கார்ந்துகொண்டது. போகவில்லை. அதற்கு ஒன்று புரிந்துவிட்டது. செவந்தி கூட்டைவிட்டு எழுந்தால் போதும், முட்டைகள் அதற்குத்தான்.

செவந்திக்கும் அது புரிந்தது. அன்றிலிருந்து அவள் எழவே இல்லை. கொண்டையன் கரையைக் கிளறி மண்புழு கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு புழுவைத் தின்றுவிட்டு நான்கு முட்டைக்குச் சூடு கொடுக்க முடியுமா? செவந்தி நாளுக்கு நாள் வாடிப்போனாள். கருப்பட்டி பொறுமையாகக் காத்திருந்தது.

"அக்கரையில மனுசங்க தூண்டில் போடுறாங்களே, அதையே நானும் போடுறேன்!" என்று கிளம்பினான் கொண்டையன்.

அதே மரத்தில் நாரணன் என்ற தூக்கணாங்குருவி இருந்தான். கூடு பின்னுகிறவன் ஆயிற்றே! கண்ட நார், நூல் எல்லாம் சேர்த்து வைத்திருப்பான்.

"நாரணா, தூண்டிலுக்கு நல்ல நாரா கொடு!"

"என்ன மீனுக்கு அண்ணாச்சி?"

"விராலுக்கு! பெருசா ஒண்ணு பிடிச்சுப் போட்டா அவ வயிறு நிறைஞ்சிடும்ல!"

மேலேயிருந்து செவந்தியின் குரல் கேட்டது. "ஏங்க, எனக்கு எதுக்கு விரால்? என் தொண்டைக்குள்ள போகுமா அது? சின்னதா ரெண்டு கெண்டை போதுங்க!"

நாரணன் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய நரம்பை எடுத்து நீட்டினான். "அப்போ இதான் சரி. தங்கூசி நரம்பு. தூண்டில் போட வந்தவங்க யாரோ நாணல்ல சிக்க விட்டுட்டுப் போயிட்டாங்க. தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது. கெண்டைக்குச் சின்ன முள்ளு, சின்ன இரை. அதுக்கு ஏத்த நரம்பு இது."

கொண்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுவா? என் கொண்டை மயிரே இதைவிடத் தடிப்பு! அறாத சாமானா கொடுப்பா!"

"உங்க இஷ்டம்" என்று நாரணன் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டான்.

கொண்டையன் தூண்டில் கம்புக்குப் புளியம் விளார் ஒன்றை அலகின் அடியில் கவ்விக்கொண்டான். கயிற்றின் நுனியில் சின்னக் கருவேல முள். முள்ளில் ஒரு துண்டு மண்புழு. வீசினான். இரை என்ன கனம் இருக்கும்? கயிறு எங்கே போகும்? தொப்பென்று அவன் காலடியிலேயே விழுந்தது.

கெண்டைகள் கூடிவிட்டன. "ஏய், இங்க பாருங்கடி! மாமா குளத்துல மாடு கட்டப்போறாரு!"

"எந்த மாட்டை?"

"தெரியல! கயித்தை மட்டும் கொண்டு வந்திருக்காரு!"

கெக்கெக்கே என்று ஒரே சிரிப்பு. சிரித்துவிட்டு எல்லாம் ஆழத்துக்கு ஓடிவிட்டன.

"ஏங்க" என்றாள் செவந்தி. "கயித்து நிழல் விழுந்ததும் மீனெல்லாம் விலகுது. எனக்கு மேலேயிருந்து நல்லாத் தெரியுது."

"மேல உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லலாம்! தண்ணியில நிக்கிறவனுக்குத்தான் தெரியும்!" என்று வெடுக்கென்று சொன்னான் கொண்டையன்.

அட மடையா! பசியோடு முட்டைக்குக் காவல் கிடப்பவளிடம் பேசுகிற பேச்சா இது? செவந்தி முட்டைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

கொண்டையன் மறுபடி நாரணனிடம் போனான். "சரி, மெலிசா வேணும். ஆனா அறுந்துடக் கூடாது!"

நாரணன் ஒரு காத்தாடி நூலைக் கொடுத்தான். "மெலிசுதான். பலமும் உண்டு. ஆனா அண்ணாச்சி, இது துளிகூட நீளாது. பாத்து இழுங்க."

பார்த்து இழுக்கிற ஆளா அவன்? ஒரு கெண்டை இரையைக் கவ்வியது. "மாட்டினியா!" என்று கழுத்தைச் சடக்கென்று வெட்டி இழுத்தான். நூல் நீளவில்லை, விளார் வளையவும் நேரமில்லை. கெண்டையின் வாய் பூ மாதிரி இருக்கும். முள் அதைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்துவிட்டது. அறாத நூல்தான், என்ன பிரயோசனம்?

வெயில் ஏறியது. செவந்தியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"மதினி, மயக்கமா வருதா?" என்று கருப்பட்டி ஒரு கிளை கிட்டே வந்தது. "போய் நாலு வாய் தின்னுட்டு வாங்க. பிள்ளைகளை நான் பாத்துக்கிடுறேன்!"

அதைக் கேட்டதும் கொண்டையனின் வீம்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "நாரணா, அந்தத் தங்கூசியையே கொடுப்பா!" என்று ஓடினான்.

நாரணன் கேலி ஒன்றும் பேசவில்லை. முள்ளை நரம்பில் கோத்து, எச்சில் தொட்டு, முடிச்சை மெல்ல இறுக்கினான். "ஈரமில்லாம இறுக்கினா முடிச்சே நரம்பை அறுத்துடும்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது வீசினால் இரை பறந்தது! நாணல் ஓரத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. புழு தானாக நீந்துகிற மாதிரி மெல்ல மெல்ல அமிழ்ந்தது. நரம்பு இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு கெண்டை வந்து லபக்கென்று விழுங்கியது.

கொண்டையனுக்குக் கைவந்த வித்தை ஒன்றே ஒன்றுதானே! சடக்கென்று இழுத்தான். நரம்பு ஓரளவு நீண்டு பார்த்தது. பிறகு பட்டென்று அறுந்தது.

பாதி நரம்பும் முள்ளும் மீனோடு போய்விட்டன. நாரணன் மிச்சத்தில் புது முள் கட்டிக் கொடுத்தான். "அண்ணாச்சி, இவ்வளவுதான் இருக்கு. இதுவும் போனா என்கிட்ட வேற இல்லை."

கொண்டையன் நிமிர்ந்து பார்த்தான். செவந்தி தள்ளாடிக்கொண்டு கூட்டிலிருந்து பாதி எழுந்திருந்தாள். இனி அவளால் முடியாது என்று அவள் முகமே சொன்னது. கருப்பட்டி இறக்கையை விரித்துத் தயாராக இருந்தது.

"செவந்தி!" என்று கத்தினான் கொண்டையன். "நான் பேசுனது தப்புதான் புள்ள! என்னை மன்னிச்சிடு! இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ. உனக்கு மேலேயிருந்து தெரியுறதைச் சொல்லு. நீ சொல்றபடி கேக்குறேன்!"

செவந்தி அவனைப் பார்த்தாள். மெல்ல முட்டைகள்மேல் திரும்ப அமர்ந்தாள். "மதகுக்கு இடப்பக்கம் போடுங்க. அங்கதான் கூட்டமா நிக்குது."

போட்டான். கெண்டை கவ்வியது. விளார் வளைந்தது.

"இழுக்காதீங்க!" என்றாள் செவந்தி. "அது ஓடட்டும். அது போற பக்கம் நீங்களும் நடங்க. விட்டுப் பிடிங்க!"

கொண்டையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மீன் ஆழத்துக்குத் திமிறினால் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தான். அது அசந்து நின்றால் ஓரடி பின்னால் வந்தான். நரம்பு விண்ணென்று நின்றது.

"விடுங்க... விடுங்க... இப்போ பிடிங்க!"

கொஞ்சம் விட்டான், கொஞ்சம் பிடித்தான். மீன் களைத்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஒதுங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பு அறுந்துபோகவே இல்லை!

கொண்டையன் மீனோடு மரத்தின் உச்சிக்குப் பறந்தான். செவந்தி ஆவலாக வாயைத் திறந்தவள், சட்டென்று நிறுத்தினாள். "நீங்க தின்னீங்களா?"

"ஓ! வயிறு முட்டத் தின்னாச்சு!"

"இந்த ஒடிஞ்ச அலகை வச்சுக்கிட்டு என்னத்தைத் தின்னீங்க? பொய் சொல்லவும் தெரியல உங்களுக்கு!" மீனை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை அவன் வாயில் ஊட்டினாள். மறுபாதியைத் தானும் விழுங்கினாள். கண்ணில் தெளிவு வந்தது. அப்படியே கழுத்தை நீட்டிக் கருப்பட்டியை ஒரு பார்வை பார்த்தாள். கருப்பட்டிக்கு உடனே வேறு ஊரில் வேலை வந்துவிட்டது!

அன்று பொழுது சாயும்வரை கொண்டையன் தூண்டில் போட்டான். கெண்டை மேல் கெண்டை வந்தது. கடைசி மீனை ஊட்டிவிட்டு அவன் கேட்டான்.

"மீனை விட்டுப் பிடிக்கணும்னு உனக்கு எப்படிப் புள்ள தெரியும்? நீதான் தூண்டிலே போட்டதில்லையே!"

செவந்தி சிரித்தாள். "இவ்வளவு வீம்பு பிடிச்ச உங்களை இத்தனை நாளா எப்படிப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சீங்க?"

கொண்டையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டான். அவள் வயிற்றுக்கடியில் ஒரு முட்டை லேசாக அசைந்தது.

நம் வீம்பைப் பார்க்காமல் பிடிக்கப்போகும் மீனைப் பார்த்து நரம்பை எடுக்க வேண்டும். எடுத்த நரம்பு எவ்வளவு மெல்லியதானாலும், விட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் கையில் அது அறாது.