பல்லைக் காட்டிய மந்தியும் கண்ணை மூடிய பூனையும்

ஒரு காட்டுப்பூனை புதுக் காடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் கருவாலி. அது பிறந்த காடு தீயில் எரிந்துபோயிருந்தது. இங்கே பேச்சுத் துணைக்குக்கூட யாருமில்லை.

குளக்கரை நாவல் மரத்தில் குமுதி என்ற மந்தி தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. கருவாலி மரத்தடியில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தது. மெல்லக் கண்களை மூடித் திறந்தது. 'உன்னை நம்புகிறேன்' என்பதைப் பூனைகள் அப்படித்தான் சொல்லும்.

குமுதியோ குட்டியை இறுக அணைத்துக்கொண்டு, அத்தனை பற்களும் தெரிய வாயை விரித்தது!

கருவாலி திடுக்கிட்டது. 'கடிக்கப் பார்க்கிறாளே! நான் என்ன தப்பு செய்தேன்?'

மறுநாள் இன்னும் மெதுவாகக் கண்களை மூடிக் காட்டியது. பற்கள் இன்னும் அகலமாகத் தெரிந்தன. கருவாலி மனம் நொந்து புதருக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

சில நாள் கழித்து, குட்டியைக் கிளையில் தூங்க வைத்துவிட்டு, குமுதி அத்திப்பழம் பறிக்க எதிர்க்கரைக்குப் போனது. பெருங்காற்று வீசியது. கிளை முறிந்து, குட்டி சேற்றில் விழுந்தது!

கீச்சுக்குரல் கேட்டுக் கருவாலி ஓடி வந்தது. குட்டி கழுத்துவரை புதைந்திருந்தது. முறிந்த கிளைமேல் காலை வைத்தபடி கருவாலி நிமிர்ந்தது. எதிர்க்கரையில் குமுதி, எல்லாப் பற்களும் தெரிய நின்றது!

கருவாலியின் கால் பின்வாங்கியது.

"பல்லைக் காட்டுகிறாயே, அக்கா! குட்டியைத் தொட்டால் என்னைக் கடித்துவிடுவாயா?"

"ஐயோ, இது கோபமில்லை, பயம்! 'என்னை ஒன்றும் செய்யாதே' என்று கெஞ்சுகிறேன்! நீதானே இமையைக் காட்டி என்னை மிரட்டினாய்? குரங்குகள் மிரட்டுவது அப்படித்தானே! என் பிள்ளையைத் தின்றுவிடாதே!"

"மிரட்டினேனா? உன்மேல் பிரியம் என்று சொன்னேன், அக்கா!"

அதற்குமேல் கருவாலி நிற்கவில்லை. கிளைமேல் அடிமேல் அடி வைத்துப் போனது. குட்டியின் பிடரியைப் பல் பதியாமல் மெல்லக் கவ்வி இழுத்துக் கரை சேர்த்தது. குளத்தைச் சுற்றிக்கொண்டு குமுதி வந்து சேர்வதற்குள், குட்டியின் முகத்துச் சேற்றை நக்கித் துடைத்திருந்தது.

குமுதி குட்டியை வாரி எடுத்தது. அழுது தீர்த்தது. பிறகு பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகு ரோமத்தை விரலால் விலக்கிப் பார்க்கத் தொடங்கியது.

கருவாலி தயங்கித் தயங்கிக் கேட்டது: "இதற்கு என்ன அர்த்தம், அக்கா?"

"நீ என் வீட்டுப் பெண் என்று அர்த்தம். உன் முதுகில் நிறைய உண்ணி இருக்கிறது என்றும் அர்த்தம்! ஆடாமல் உட்கார்!"

நாடு விட்டு நாடு வந்தவரின் முகத்தை நம் ஊர் வழக்கப்படி எடைபோட்டு மனம் புண்படுவதைவிட, 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று அன்போடு கேட்டுவிடுவதே நல்லது.