நாலெழுத்துச் செய்தி

“எந்த பாஷையில சொன்னான்னு மட்டும் சொல்லிடுங்க தாயே. அது போதும்.”

கேட்டவர் நல்லசிவன். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் அகராதி தொகுத்தவர். அகராதி பிடித்தவர் என்று ஊரே அவரை இரண்டு அர்த்தத்திலும் சொல்லும்.

எதிரே மங்கை. அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். நாதியற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த மலையடிவார மடத்துக்கு அவள்தான் குரு. மூன்று மாதமாக அவர் அவளுடைய சீடர்.

“என்ன சொன்னார் உங்க பிள்ளை?”

“மோஸ்ட். போன்ல இங்கிலீஷ் எழுத்து நாலு. அவ்வளவுதான்.”

மகன் இளம்பரிதி ஐரோப்பாவில் லாரி ஓட்டினான். வாரம் ஒரு நாடு. போகிற ஊரின் சொல் ஒன்றை அப்பாவுக்குத் தட்டிவிடுவான். அப்பா அர்த்தம் கண்டுபிடித்துப் பதில் போடுவார். அவர்கள் பேசிக்கொண்டதே அவ்வளவுதான்.

“செக் பாஷையில அது பாலம். ஹங்கேரியில ‘இப்போ’. ஜெர்மன்ல பழரசம். இங்கிலீஷ்ல ‘மிக அதிகம்’. பழரசம்னா பிள்ளை வழக்கம்போல விளையாடியிருக்கான், என் மேல தப்பில்ல. பாலம்னா…”

நாலாம் நாள் அவனை, பல நாட்டு எல்லை தாண்டி ஓடும் ஓர் ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

“அந்த மூணு நாளும் என்ன பண்ணீங்க?”

“பதினோரு அகராதி பார்த்தேன். அர்த்தம் நிச்சயமாத் தெரியாம எப்படித் தாயே பதில் போடறது?”

இதைச் சொல்லும்போதும் பழைய தொழில் பெருமை குரலில் எட்டிப் பார்த்தது. பாவம் மனுஷன்.

மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்தின் கோடியிலிருந்து “ஆ… ஆ…” என்று ஒரு குரல். பக்கவாதத்தில் பேச்சுப் போன சேவியர் படுத்திருக்கும் இடம் அது.

அவள் பேச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நல்லசிவன் காத்திருந்தார். வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டது. அப்புறம்தான் அவள் திரும்பினாள்.

“அவருக்கு என்ன வேணுமாம்?”

“தெரியல.”

“தண்ணியா?”

“கொடுத்தேன். குடிக்கல.”

“வலியா?”

“தெரியலைங்க ஐயா.”

“பின்னே இவ்வளவு நேரம் அங்க என்னதான் பண்ணீங்க?”

“கூப்பிட்டார். போய் உட்கார்ந்திருந்தேன்.”

நல்லசிவன் அவளையே பார்த்தார்.

“என் பிள்ளையும் கூப்பிட்டான் தாயே,” என்றார்.