பொங்கியண்ணனின் மஸ்டாங் என்ன விலைக்குப் போகும்?

கோயமுத்தூர் மில் முதலாளி பொங்கியண்ணன் பழைய அமெரிக்க மஸ்டாங் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. நாளுக்கு நாலு தடவை போனில் அந்த மாதிரிக் கார்களின் ஏல விலையைப் பார்ப்பார். ஏறினாலும் பதறுவார், இறங்கினாலும் பதறுவார்.

ஒருநாள் மெக்கானிக் ஆறுக்குட்டியைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருசம் இது என்ன விலைக்குப் போகும்? நிச்சயமாச் சொல்லத் தெரியலைன்னா நாளையிலிருந்து வராதே."

"எந்த விலைக்கும் போகாதுங்க முதலாளி. இறங்கினா ஏறட்டும்னு வச்சிருப்பீங்க. ஏறினா இன்னும் ஏறட்டும்னு வச்சிருப்பீங்க."

அவர் திட்ட வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. சென்னைப் புரோக்கர், இதுவரை யாரும் கேட்காத விலைக்குக் காரைக் கேட்டார்.

"அவ்வளவு தர்றாங்களா? அப்ப அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார் பொங்கியண்ணன்.

திரும்பிப் பார்த்தார். ஆறுக்குட்டி காருக்கு உறை போர்த்திக்கொண்டிருந்தான்.