முடிந்த வேலை

“மெஷினெல்லாம் புதுசா மாத்தியாச்சு. போனசும் சொல்லிப் பார்த்தாச்சு. வேலை மட்டும் நகர மாட்டேங்குதுங்க, அம்மணி.”

கணபதி பகுதியில் பம்பு கம்பெனி நடத்தும் நஞ்சப்பனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொழிற்சாலைகளுக்கு வேலைமுறை சொல்லித்தரும் பிலோமினாவுக்கோ அவர் மகள் வயது. ஆனாலும் சீடன்போலக் கைகட்டி நின்றார். கோடைக்குள் சரக்கு போகாவிட்டால் கம்பெனியை விற்க வேண்டியதுதான்.

பிலோமினா பட்டறைக்குள் நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

அய்யாசாமி ஒரு பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. மறுபடியும் துடைத்தான்.

“இது எப்பங்க முடிஞ்சுது?” என்றாள் பிலோமினா.

அவன் முதலாளியைப் பார்த்துத் தயங்கினான். “டீ குடிக்கறதுக்கு முந்தியேங்க.”

“அப்புறம்?”

“சீக்கிரம் முடிச்சு என்னங்க பண்றது? சங்கு ஊதினாத்தானே கேட்டைத் திறப்பாங்க.”

நஞ்சப்பனுக்கு முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் பிலோமினா கேட்டாள்.

“ஐயா, நீங்க லேத்துல நின்ன காலத்துல, எப்ப ரொம்ப வேகமா வேலை செஞ்சீங்க?”

கோபம் எங்கோ போய்விட்டது.

“கல்யாணமான புதுசுலீங்க. சாயங்காலமானா ராமாத்தா பூ வெச்சுட்டு கேட்டுல வந்து நிப்பா. எங்க முதலாளி, வேலைய முடிச்சவன் கெளம்பலாம்னு விட்ருவாரு. கை பறக்குமுங்க.”

“இப்ப?”

அவர் வாசல் கேட்டைப் பார்த்தார்.

“இப்ப ஊட்டுக்குப் போனா லைட்டு நான்தானுங்க போடோணும். அதான், சங்கு ஊதினதுக்கப்புறமும் இங்கயே கெடக்கறேன்.”

பிலோமினா அய்யாசாமி பக்கம் திரும்பினாள். “உங்க வீட்டுல யாருங்க?”

“ஒரே பொண்ணுங்க. இப்பத்தான் நடக்கப் பழகறாளாம். நான் போறப்பத் தூங்கிருப்பா.”

நஞ்சப்பன் கையை நீட்டினார்.

“அந்தத் துணியைக் குடு.”

“மொதலாளி…”

“வேலை முடிஞ்சுதல்ல? கெளம்பு.”

“சங்கு இன்னும் ஊதலைங்களே.”

“முழிச்சிருப்பா. ஓடு.”

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மெஷின் வரிசையில் நின்ற எல்லோரும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

பிறகு பட்டறையில் மெஷின்களின் சத்தம் ஏறியது.

நஞ்சப்பன் அந்தப் பம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.