வரும் ஞாயிறு

"இந்தப் போனைக் கிணத்துல போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார் மகுடபதி.

"அந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம்" என்றார் அம்மா.

மகுடபதி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது மலையடிவாரத்து மடம். அங்கே குருவை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மகுடபதிக்கு ஒரு கடைசித் தங்கை இருந்தால் அந்த வயது இருக்கும். இங்கே வருமுன் ஒரு கம்பெனியில் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஊரார் புகாரையெல்லாம் கேட்டவர்.

"இப்பவும் அதே வேலைதான். காதுல மாட்டுறதுதான் இல்ல" என்பார்.

மகுடபதி டவுன் பஸ் கண்டக்டர். எந்த ஊர்க்காரர் ஏறினாலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே டிக்கெட் கொடுப்பவர். லீவு கிடைத்தால் மடத்துக்கு வந்துவிடுவார்.

"ஏனுங்கம்மா, இந்தக் குரூப்பு, ஃபார்வேர்டு, வலைதளம் எல்லாம் நல்லதுங்களா, கெட்டதுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் அதும்படி நடந்துக்கறேன்."

"என்ன ஆச்சு?"

மகுடபதி சொன்னார்.

அவர் மனைவி தெய்வானைக்கு ஆபரேஷன் என்றார்கள். பி நெகட்டிவ் ரத்தம். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. மகுடபதி தெய்வானையின் போட்டோவைப் போட்டு ஒரு செய்தி எழுதினார்.

'அவசரம். நாளை காலை ஆபரேஷன். பி நெகட்டிவ் ரத்தம் தேவை.'

கீழே தன் நம்பர். டிப்போ குரூப்பில் போட்டார்.

"வந்தாங்களா?"

"வந்தாங்களாவா? விடியறதுக்குள்ள வரிசைங்கம்மா! ஒருத்தரையும் முன்னப்பின்னப் பார்த்ததில்ல. பரீட்சைக்குப் போற வழியில ஒரு புள்ள வந்து கையை நீட்டிட்டுப் படுத்துருச்சு. பேரு கேக்கறதுக்குள்ள ஓடிருச்சு."

"நல்லதுதானே?"

"ரத்தம் மீந்துபோச்சுங்க. அவதான் இல்லாமப் போயிட்டா."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வருசமாச்சுங்க. அந்தச் செய்தி மட்டும் நிக்க மாட்டேங்குது. ஊரூராச் சுத்திட்டே இருக்குது. தினமும் போன்."

"யார் பேசறாங்க?"

மகுடபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் தொண்டை திறந்துகொண்டது.

"'சார், மெசேஜ் பாத்தேன் சார். பி நெகட்டிவ் சார். ஃபிரெண்டு பைக் கீது சார், இப்பவே கெளம்பிடவா சார்?' இது மெட்ராஸ்."

"ம்."

"'அண்ணாச்சி, நீங்கதான ரத்தம் கேட்டிய? நா பாளையங்கோட்டைலருந்து பேசுதேன். பஸ் ஏறிட்டேன், பாத்துக்கிடுங்க.' இந்தாளை நடுவழியில இறங்கச் சொல்லிக் கெஞ்சினேனுங்க. டிக்கெட் எடுத்துட்டேன்னு சண்டைக்கு வந்துட்டாரு."

அம்மாவுக்குப் பின்னால் பயறு புடைத்துக்கொண்டிருந்த கனகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மடத்தின் போனும் ஃபேஸ்புக் பக்கமும் அவள் பொறுப்பு.

"'அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறன். ரத்தம் தர ஏலாது, நடுவில கடல் கிடக்கு. அக்காவுக்குச் சுகமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.'"

கனகவல்லியால் முடியவில்லை. சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தார்.

"நல்லாக் கவனிச்சுக் கேட்டிருக்கீங்க" என்றார்.

மகுடபதி சிரிக்கவில்லை.

"இன்னொரு கூட்டம் இருக்குதுங்க. எவனோ ஒருத்தன் அவ போட்டோ மேல செவப்பு எழுத்துல 'மோசடி'ன்னு அடிச்சு, அதையும் சுத்த விட்டுட்டான். பொண்டாட்டி படத்தைக் காட்டிப் பொழைக்கிறியான்னு கேக்கறாங்க."

அந்தக் குரலில் அவர் பேசிக் காட்டவில்லை. தன் குரலிலேயே சொன்னார்.

"அவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"திட்டுறவங்களுக்கு ஒண்ணும் சொல்றதில்லைங்க. வெச்சுருவேன்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்ககிட்டத்தான் வாயே வர மாட்டேங்குது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் நாளைக்குக் காலைல ஆபரேஷன். அவ கட்டில்ல படுத்திருக்கா. நான்தான் 'இல்லீங்க, செத்துப்போயிட்டா'ன்னு சொல்லோணும். தினமும் என் வாயால நானே அவளைச் சாகடிச்சுட்டு இருக்கேன்."

கனகவல்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்பரை மாத்தலாமே?" என்றார் அம்மா.

மகுடபதி பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்தார். புது சிம் கார்டு. கவரின் ஓரமெல்லாம் தேய்ந்து பஞ்சாகியிருந்தது.

"வாங்கி ரொம்ப நாள் ஆச்சு போல."

"ஆச்சுங்க."

"ஏன் போடல?"

"அதைக் கேக்கத்தானுங்க வந்தேன்."

அம்மா தன் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க. இதுல குத்தினா சிம் தட்டு வெளிய வரும்."

மகுடபதி ஊக்கை வாங்கினார். போனின் ஓரத்தில் இருந்த துளையில் முனையை வைத்தார்.

அழுத்தவில்லை.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு மினி வேன் வந்து நின்றது. பின்னால் பூசணிக்காய். கூரை உயரத்துக்குப் பூசணிக்காய். இறங்கியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"வணக்கம் தாயி! நான் சோணைமுத்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு. அன்னதானத்துக்குக் காய் கொண்டாந்துருக்கேன். எங்குட்டு எறக்க?"

கனகவல்லி எழுந்து ஓடினாள்.

"அண்ணே, எந்த அன்னதானம்?"

"என்னத்தா இப்படிக் கேக்குற? நேத்து எங்க மார்க்கெட்டு குரூப்புல வந்துச்சே!"

போனைக் காட்டினார். கனகவல்லி பார்த்தாள். அவள் எழுதியதுதான்.

'வரும் ஞாயிறு மடத்தில் குருபூஜை. அன்னதானம். அனைவரும் வருக.'

"அய்யய்யோ, இது ரெண்டு மாசத்துக்கு முந்தி நான் போட்டதுண்ணே! பூஜையெல்லாம் முடிஞ்சு போச்சு."

"வரும் ஞாயிறுன்னுல போட்டிருக்கு?"

"அது அந்த ஞாயிறு."

"எந்த ஞாயிறுன்னு எனக்கு என்னத்தா தெரியும்? தேதி போட வேணாமா?"

"மறந்துட்டேன்ணே."

சோணைமுத்து பூசணிக்காய்களைப் பார்த்தார். அதிகாலையில் எழுந்து ஏற்றியவை. தோளில் கிடந்த துண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இப்ப என்னத்தா பண்ணட்டும்? திருப்பிக் கொண்டு போயி வித்தா எங்காத்தா செருப்பால அடிக்கும். சாமிக்குன்னு எடுத்து வச்ச காயி."

கனகவல்லி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கேட்டார்: "நாளைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறும்மா."

"இறக்கச் சொல்லு."

"அம்மா, பூஜை முடிஞ்சுருச்சே!"

"பூசணிக்கா முடியலையே."

"யாரும்மா வந்து சாப்பிடுவாங்க?"

"இவரைக் கூட்டிட்டு வந்த செய்தியே அவங்களையும் கூட்டிட்டு வரும்."

சோணைமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் ஒரு நாளு முன்னாடியே வந்துட்டேன்னு சொல்லுங்க!" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்.

முற்றத்தில் பூசணிக்காய் நிறைந்தது. ஒன்று உருண்டு வந்து மகுடபதியின் காலருகே நின்றது.

அம்மா ஒரு அரிவாள்மணையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

மகுடபதி ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டார். போனைப் பக்கத்தில் வைத்தார். பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தார்.



"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலைங்களே" என்றார் மகுடபதி.

"கொட்டையைத் தனியா எடுத்து வைங்க" என்றார் அம்மா.

எடுத்து வைத்தார். அடுத்ததைப் பிளந்தார்.

போன் அடித்தது.

தெரியாத நம்பர். கனகவல்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூசணிக்காயைப் பார்த்தார்.

மகுடபதி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஈர விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது. ஒரு பெண் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நாளைக்குக் காலைல ஆபரேஷன்னு இப்பத்தான் பார்த்தேன். எனக்கு அதே ரத்தந்தாண்ணே. கிடைச்சிருச்சா, இன்னும் வேணுமா?"

மகுடபதி வாயைத் திறந்தார். தினமும் சொல்லும் பதில் நாக்கு வரைக்கும் வந்தது.

வாசலில் சோணைமுத்து கடைசிக் காயை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? வேணுமாண்ணே?"

"வேணுங்க" என்றார் மகுடபதி.

"எங்க வரணும்?"

"நீங்க எந்த ஊருங்க?"

"மன்னார்குடிண்ணே."

"அங்க பெரியாஸ்பத்திரியிலயும் யாருக்காச்சும் இந்த ரத்தம் வேணுமுங்க. உங்க வீட்டுக்குப் பக்கமுங்களா?"