வலந்தலை மோதிரம்

"மோதிரத்தை ஏலத்துக்குக் கொடுத்துட்டீங்களாமே டீச்சர்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார் பூவராகன்.

"ஆமாண்ணே. சபாக் கூரை ஒழுகுது. ஆளுக்கொரு பொருள் கொடுக்கணும்னாங்க. என்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றார் திலகவதி.

அண்ணே என்று கூப்பிடுகிறவர்தான் குரு. டீச்சர் என்று கூப்பிடுகிறவர் சிஷ்யர். குருவுக்கு நாற்பத்து நாலு வயசு, சிஷ்யருக்கு ஐம்பத்தொன்பது. விருத்தாசலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துகொண்டே மிருதங்கம் கற்க வந்தவர். வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு மேடையில்கூட வாசித்ததில்லை. யாராவது கூப்பிட்டால் போதும், மனுஷருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

மோதிரம், டீச்சர் தானே வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னது. மிருதங்கத்தின் வலது முகத்தை வலந்தலை என்பார்கள். அப்படியே அதே மாதிரி இருக்கும். வெள்ளி வட்டம், நடுவில் கறுப்புக் கல்.

மேடை ஏறி உட்கார்ந்ததும் அதைக் கழற்றிப் பின்னால் நீட்டுவார். தம்புராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பூவராகன் வாங்கித் தன் சுண்டுவிரலில் போட்டு, கையை இறுக மூடிக்கொள்வார். கச்சேரி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். பதினோரு வருஷமாக இதுதான் அவர் உத்தியோகம். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

"வெள்ளிக்கிழமை நான் முதல் தடவையா உட்காரப்போறேன். இப்பப் போய் இப்படிப் பண்ணிட்டீங்களே."

"நீங்க வாசிக்கிறதுக்கும் மோதிரத்துக்கும் என்னண்ணே?"

பூவராகன் தரையைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொன்னதில்ல. அது என் விரல்ல இருக்கிறப்ப, இன்னொரு கையால தொடையில தட்டிக்கிட்டே இருப்பேன். நீங்க எங்கே போனாலும் கூடவே வந்துருவேன். ஒரு தரம் தாளம் தப்பினதில்ல. வீட்டுல அது இல்லாம உட்கார்ந்தா தப்பிக்கிட்டே இருக்கு. அது இல்லாம என்னால மேடை ஏற முடியாது டீச்சர்."



"அப்ப ஏலத்துல எடுங்க," என்றார் திலகவதி.

புதன்கிழமை ஏலம். சபா செயலாளர் மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஆயிரம் கச்சேரி வாசிச்ச மோதிரம் இது."

கூட்டம் கைதட்டியது. பூவராகனும் தட்டினார்.

அரிசி ஆலை முதலாளி ஒரு தொகை சொன்னார். பூவராகன் கூட்டிக் கேட்டார். முதலாளி விட்டுவிட்டார். அப்பாடா என்று இவர் மூச்சு விடுவதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் ஏற்றிக் கேட்டது. திரும்பினால், டீச்சர்.

"நீங்களே ஏத்திவிட்டா எப்படி டீச்சர்?"

"கூரைக்கு இன்னும் நாலு தகரம் வேணுமாம்ணே."

அதற்கும் மேலே கேட்டு மோதிரத்தை எடுத்ததில், புது மிருதங்கத்துக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் போயிற்று. போனால் போகட்டும், பழசிலேயே வாசித்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார். மோதிரத்தைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தவர், வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். குளித்து, விபூதி பூசி, மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். இந்தத் தடவை காய்ச்சல் வரவில்லை. மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுருதி பார்க்க வலந்தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

டக்.

மோதிரம் விளிம்பில் இடித்தது. பாட உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு தட்டு. டக்.

பதினோரு வருஷம் கையை நீட்டி வாங்கினவருக்கு, எதற்காகக் கழற்றித் தருகிறார்கள் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. போட்டுக்கொண்டு வாசிக்க முடியாது. கழற்றிவிட்டால் வாசிக்க வராது. கீழே ஊரே உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் விரல் தன்பாட்டுக்கு மோதிரத்தைக் கழற்றிவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் திரும்பினார்.

தம்புராவுக்குப் பக்கத்தில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் திலகவதி. கை நீட்டியபடி இருந்தது.

"கொடுங்கண்ணே."

"ஐயோ டீச்சர், நீங்க போய் இங்கே..."

"இங்கே உட்கார்ந்தா தாளம் தப்பாதாமே. பார்க்கலாம்னு வந்தேன்."

பூவராகனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மோதிரத்தை அந்த உள்ளங்கையில் வைத்தார். திலகவதி அதை விரலில் போட்டு, கையை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு கையைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க வாசிங்க," என்றார். "நான் கூடவே வர்றேன்."