சிங்கத்தின் நாக்கு உருண்டையான கதை

கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், சீன தேசத்தின் தென்கரையில் ஒரு துறைமுக நகரம் இருந்தது. ஊர் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் அங்கே ஓயாது. ஏழடுக்குக் கோபுரம், மதில், தேநீர்க் கடைகள், விளக்குத் திருவிழா என்று பார்க்க எத்தனையோ உண்டு. ஆனாலும் வந்தவர்கள் முதலில் போய் நின்றது முகத்துவாரத்துக் கல்பாலத்தின் முன்னால்தான். பாலத்து வாசலில் இரண்டு கல்சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. இடத்துச் சிங்கம், வலத்துச் சிங்கம் என்று பேர். வந்தவர்களுக்கு ஊர்க் கதை சொல்வது அவற்றின் வேலை.

வலத்துச் சிங்கம் பாலத்தின் நீளம், அகலம், எந்தக் கடையில் வாத்துக்கறி நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் சொல்லும். இடத்துச் சிங்கம் அப்படியில்லை.

"இந்தப் பாலத்துக்குத் தூண் நட்டப்போ வெள்ளத்துல போனவங்க முப்பத்தேழு பேரு. பேரு சொல்றேன், நின்னு கேளுங்க" என்று ஆரம்பித்தால், முப்பத்தேழு பேரையும் சொல்லி முடிக்காமல் யாரையும் பாலத்தில் கால்வைக்க விடாது. போனவர்களில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை, கல்வெட்டு இல்லை. சிங்கத்தின் நாக்கில்தான் அவர்கள் இருந்தார்கள். படகோட்டி ஷென் பாவின் மனைவி யூஹுவா, தினமும் காலையில் மீன்கூடையோடு வந்து நின்று, புருஷன் பேர் வரும்வரை கேட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள்.

அப்போதுதான் காவ் என்றொருவர் ஆளுநராக வந்து சேர்ந்தார். பாலம் கட்டி முடித்துப் பாசியும் பிடித்த பிறகு பதவிக்கு வந்தவர். ராஜதூதர் ஊர் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆளுயரக் கல் ஒன்றை நட்டு, 'இப்பாலத்தைக் கட்டியவர் காவ்' என்று பொறித்து வைத்தது. கேட்டீர்களா அநியாயத்தை! முழங்கால் அளவு தண்ணீரில்கூட இறங்காத மனுஷன்!

அதோடு விட்டாரா? நேரே சிங்கங்களிடம் வந்தார்.

"கட்டினது யாருன்னு கேட்டா இனிமே என் பேரைத்தான் சொல்லணும். வேற பேரு எதுவும் வரக்கூடாது."

வலத்துச் சிங்கம், "நமக்கெதுக்கு வம்பு" என்று முணுமுணுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டது. இடத்துச் சிங்கத்துக்கோ பொறுக்கவில்லை. கண்ணெதிரே அடித்துக்கொண்டு போன ஆட்கள் அவர்கள். அவர்கள் அலறியதைக் கேட்ட காது அதற்கு.

"பாலம் கட்டினப்போ நீங்க எங்க இருந்தீங்க, ஆளுநரே?"

சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. காவின் முகம் சிவந்துபோயிற்று. அன்றைக்கே ஆணை எழுதினார்: 'இடத்துச் சிங்கத்தின் நாக்கு வாயோடு ஒட்டியிருக்கக் கூடாது.'

உள்ளூர்க் கல்தச்சர்கள் ஒருவரும் வரவில்லை. ஒருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது, ஒருவருக்கு உளி தொலைந்துபோயிற்று. முப்பத்தேழில் பாதிப்பேர் அவர்கள் வீட்டு ஆட்கள்தானே. கடைசியில், தமிழ் வணிகர் தெருவில் கோயில் கட்டிக்கொண்டிருந்த ஆட்கொண்டான் என்ற சிற்பியைப் பிடித்துவந்தார்கள். அந்த முப்பத்தேழு பேர் விவரம் தெரியாமல் உளியோடு வந்தான் அவன். உளி பிடித்தவன் எந்தப் பாஷை பேசினாலும் கல்லுக்குப் புரியும்.

"கோவிச்சுக்காதய்யா. செய்யலேன்னா எங்க தெருவையே காலி பண்ணச் சொல்லிருவாங்க" என்றான்.

"வெட்டிக்கோ. ஆனா எதை வெட்டறேன்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டு" என்றது சிங்கம். முப்பத்தேழு பேரையும் சொல்லிற்று.

ஆட்கொண்டான் உளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்ததும், கூட வந்த சேவகனிடம் ஆணை ஓலையைப் படிக்கச் சொன்னான். திரும்பவும் படிக்கச் சொன்னான்.

"ஒட்டியிருக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? வாயில இருக்கக் கூடாதுன்னு இல்லையே?"

மூன்று பகல் வேலை செய்தான். பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, நாக்கை அடியோடு அறுத்து, உள்ளேயே வைத்து உருட்டி இழைத்தான். உயிர் போகிற வலி. சிங்கம் வாயைத் திறந்தபடியே இருந்தது. கடைசியாக ஷென் பாவ் என்று சொல்ல வந்தது பாதியில் நின்றது.

காவ் வந்து பார்த்தார். பேச்சு இல்லை என்றதும் சந்தோஷம். உள்ளே கையை விட்டார். நாக்கு உருண்டையாகி உருண்டது.

"ஏய், இதை எடுத்து வெளிய போடு!"

"பல்லை உடைச்சாத்தான் வரும், ஐயா. நாளைக்குத் தூதர் வர்றப்போ வாசல்ல பொக்கைவாய்ச் சிங்கம் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றான் ஆட்கொண்டான், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மறுநாள் காலை தூதர் பல்லக்கிலிருந்து இறங்கினார். ஆளுநர் தன் கல்வெட்டைத் தானே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யூஹுவா கூடையோடு வந்து நின்றாள். புருஷன் பேருக்குக் காத்திருந்தாள். வரவில்லை. சிங்கம் அவளையே பார்த்தது. அவள் எட்டி அதன் வாய்க்குள் கையை விட்டாள். உருண்டை தட்டுப்பட்டது. என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

கூடையைத் தூக்கித் தரையில் அடித்தாள். மீன் சிதறியது. உருண்டையை ஒரு உருட்டு உருட்டினாள். கடகடவென்று சத்தம் பாலம் முழுக்கக் கேட்டது.

"ஷென் பாவ்!" என்று கத்தினாள். மறுபடி உருட்டினாள். "லியூ தா!" ஒவ்வொரு உருட்டுக்கும் ஒரு பேர். தினமும் கேட்டுக் கேட்டு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். முப்பத்தேழு பேரும் வந்தார்கள்.

"யாரம்மா இவங்கல்லாம்?" என்று கேட்டார் தூதர்.

"பாலம் கட்டினவங்க" என்றாள். காவைக் கையால் காட்டி, "இந்தாளு இல்ல!" என்றாள்.

தூதர் சிங்கத்தின் வாய்க்குள் தானும் கையை விட்டு உருட்டிப் பார்த்தார். காவுக்குத் தண்டனை கிடைத்ததா என்று கேட்பீர்கள். எங்கே! பதவி உயர்வு கிடைத்து வேறு ஊருக்குப் போனார். ஆனால் அவருடைய கல்வெட்டுக்கு முன்னால் அதற்குப் பிறகு ஒரு ஈ, காக்கைகூட நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சிங்கத்திடம்தான் போனார்கள். உருட்டினார்கள், ஏன் இப்படி என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் ஊரார் முப்பத்தேழு பேரையும் சொன்னார்கள். ஆட்கொண்டான் ஊர் திரும்பி, நம் கோயில் யாளிகளின் வாயிலும் அதே வேலையைச் செய்துவைத்தான்.

அன்று தொட்டுத்தான் வாசல் காக்கும் கல்சிங்க ஜோடியில் ஒன்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது. மற்றதன் வாய்க்குள் நாக்கு உருண்டையாக உருண்டுகொண்டிருக்கிறது, எந்த ஆளுநராலும் அதை இன்றுவரை வெளியே எடுக்க முடிந்ததில்லை.